நடைபாதையிலிருந்து காப்பகத்துக்கு: வீடற்றோருக்கான அரசு ஏற்பாடு எப்படி இயங்குகிறது?

சென்னைப் பாரிமுனையில் இரவு கடைகளின் ஷட்டர் இறங்கியதும் நடைபாதையில் படுக்கைகள் விரியத் தொடங்கும். முதலில் பிரித்துப்போட்ட அட்டைப்பெட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் சாக்கு, அதற்கும் மேல் ஒரு போர்வை. செருப்பைத் துணியில் சுற்றித் தலைக்கு வைத்துக்கொள்வார்கள். வெளியே விட்டால் காலையில் இருக்காது. சரக்கேற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியின் பலகையிலேயே காலை மடக்கிப் படுப்பவர்களும் உண்டு. இவர்களில் பலர் நாள்தோறும் உழைப்பவர்கள்: மூட்டை தூக்குபவர், பழைய அட்டை சேகரிப்பவர், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுபவர், பூக்கட்டுபவர். வேலை இருக்கிறது, படுக்க இடம் இல்லை.

இவர்களுக்காக அரசு நடத்தும் இடத்துக்கு ‘நகர்ப்புற வீடற்றோர் காப்பகம்’ என்று பெயர். மாநகராட்சியோ நகராட்சியோ கட்டடம் தரும். அன்றாட நிர்வாகத்தைப் பெரும்பாலும் தொண்டு நிறுவனம் பார்க்கும். தங்குவதற்குக் காசு கிடையாது, அல்லது மிகக் குறைவு. இவ்வளவுதான் அமைப்பு. ஆனால் ஒரு காப்பகம் நிரம்பி வழிய, இன்னொன்றில் பாய்கள் சுருட்டியபடியே கிடக்கின்றன. காப்பகத்துக்கும் அதில் தங்க வேண்டியவரின் வேலைக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் இதற்கு முதல் காரணம்.

யாரை ‘வீடற்றவர்’ என்று எண்ணுகிறார்கள்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறை எளியது. கூரையுள்ள ஒரு கட்டடத்தில் வசிக்காமல், சாலையோரம், நடைபாதை, சிமென்ட் குழாய், மேம்பாலத்தின் அடி, மாடிப்படியின் கீழ், ரயில்வே பிளாட்பாரம், கோயில் மண்டபம் போன்ற இடங்களில் வாழ்பவர் வீடற்றவர். குடிசைவாசி இந்தக் கணக்கில் வரமாட்டார். அவருக்கு ஓலையோ தகரமோ ஒரு கூரை இருக்கிறது. ‘குடிசைப்பகுதி மக்கள்’, ‘நடைபாதைவாசிகள்’ என்ற இரண்டையும் குழப்பிக்கொண்டால் எந்தத் திட்டம் யாருக்கு என்பதே புரியாமல் போய்விடும்.

2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 17.73 லட்சம் பேர் வீடற்றவர்களாகப் பதிவானார்கள். 2001இல் 19.43 லட்சம். குறைந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் நகரங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 7.78 லட்சமாக இருந்தது 9.38 லட்சமாக ஏறியிருக்கிறது. குறைந்தது கிராமங்களில்தான்.

இந்த எண்ணே உண்மையைவிடச் சிறியது என்று களத்தில் வேலை செய்பவர்கள் சொல்வதற்குக் காரணம் எண்ணும் முறை. வீடற்றோரை ஒரே இரவில், 2011 பிப்ரவரி 28 அன்று, எண்ணினார்கள். அன்று இரவு லாரியில் சரக்கோடு போயிருப்பவர், முதலாளியின் கடைக்குள்ளேயே படுத்தவர், போலீஸ் விரட்டியதால் இடம் மாறியவர், பயத்தால் கண்ணில் படாத மூலையில் குழந்தையோடு ஒதுங்கிய பெண் என எல்லோரும் விடுபட வாய்ப்புண்டு. பெண்கள் அதிகம் விடுபடுவார்கள். கண்ணில் படாமல் இருப்பதுதான் தெருவில் அவர்களுக்கிருக்கும் ஒரே பாதுகாப்பு.

நீதிமன்றத்திலிருந்து வந்த விதி

நீண்டகாலம் தெருவில் இருப்பவரை அரசு பார்த்த பார்வை வேறு. 1945ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் போன்றவை, பிடித்துக்கொண்டுபோய் அடைப்பதையே வழியாக வைத்திருந்தன. டெல்லியில் நடைமுறையில் இருந்த பம்பாய் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் ரத்து செய்தது. வறுமையைக் குற்றமாக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

அதற்கு வெகுகாலம் முன்பே, 1985இல், பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான விஷயத்தைப் பதிவு செய்தது. வாழும் உரிமையில் பிழைக்கும் உரிமையும் அடங்கும்; இவர்கள் நடைபாதையில் இருப்பதே அருகில் வேலை கிடைப்பதால்தான் என்றது. முன்னறிவிப்பு கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆகவே அது முழு வெற்றியல்ல. ஆனால் ‘வேலைக்கு அருகில்’ என்ற காரணம் சட்ட ஏட்டில் ஏறியது அங்கேதான்.

2010 ஜனவரியில், டெல்லிக் குளிரில் தற்காலிகக் கூடாரம் ஒன்று இடிக்கப்பட்ட விவகாரம், ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த உணவு உரிமை வழக்கின் வழியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதன் தொடர்ச்சியாக, ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும் என்ற அளவுகோல் பிறந்தது. 2013இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் மத்திய அரசு இதைத் திட்டமாக்கியது. அதன் பின்னும் மாநிலங்கள் பணத்தைச் செலவழிக்கவில்லை என்று புகார் வர, 2016 நவம்பரில் ஓய்வுபெற்ற நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் ஒரு குழுவை உச்ச நீதிமன்றமே அமைக்க வேண்டியிருந்தது.

ஐம்பது சதுர அடி, முப்பத்துமூன்று ரூபாய்

திட்டத்தின் விதிகளை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதி புரிந்துவிடும்.

ஒரு லட்சம் பேருக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் வசதி வேண்டும். ஒரு காப்பகம் 50 முதல் 100 பேருக்கானது. விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சி எல்லைக்குள் 2011 கணக்குப்படி 66 லட்சத்துக்கு மேல் மக்கள். அப்படியானால் சுமார் 6,600 பேருக்கான இடம்.

ஒருவருக்கு 50 சதுர அடி. அதாவது ஏறக்குறைய ஏழுக்கு ஏழு. ஒரு பாய், ஒரு பை, பக்கத்தவர் மேல் இடிக்காமல் எழுந்து போக ஒரு வழி. 50 பேருக்கு 2,500 சதுர அடி தளம் வேண்டும்; நம் கணக்கில் ஒரு கிரவுண்டுக்கும் (2,400 சதுர அடி) சற்றே அதிகம். குளியலறை, கழிப்பறை, சமையலிடம் இந்தக் கணக்குக்கு வெளியே. பாரிமுனையிலோ சௌகார்பேட்டையிலோ ஒரு கிரவுண்டு காலி இடம் எங்கே கிடைக்கும்? அதனால்தான் மாணவர் குறைந்து மூடிய மாநகராட்சிப் பள்ளி, பழைய சமுதாயக்கூடம், பயன்படாத வார்டு அலுவலகம் ஆகியவற்றைத் தேடிப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட கட்டடம் கிடைக்கும் இடத்தில் காப்பகம் வருகிறது. ஆட்கள் படுக்கும் இடம் வேறெங்கோ இருக்கிறது.

அடுத்தது நடத்தும் செலவு. 50 பேர் தங்கும் காப்பகத்துக்கு ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் என்று திட்டம் வகுத்தது. மாதம் 50,000. காப்பகம் நாள் முழுக்கத் திறந்திருக்க வேண்டுமானால் எட்டு மணி நேர ஷிப்டுக்கு ஒருவராக மூன்று காப்பாளர்கள் வேண்டும். அவர்களின் சம்பளத்திலேயே அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். மீதியில் மின்கட்டணம், தண்ணீர், பினாயில், சோப்பு, போர்வை வெளுப்பது, கொசுவலை, முதலுதவிப் பெட்டி. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு என்று வகுத்தால் 33 ரூபாய்கூட முழுதாக வராது. இதற்குள் மூன்று வேளைச் சாப்பாடு அடங்காது. நன்கொடை திரட்டத் தெரிந்த நிறுவனம் சமாளிக்கிறது. தெரியாத நிறுவனத்தில் முதலில் நிற்பது போர்வை வெளுப்பு. அடுத்த சில வாரங்களில் சொறிசிரங்கும் மூட்டைப்பூச்சியும் வந்து, தங்கியிருந்தவர்கள் ஒவ்வொருவராக நடைபாதைக்கே திரும்புவார்கள். ‘சொன்னாலும் வரமாட்டேங்கிறாங்க’ என்று அதிகாரிகள் அலுத்துக்கொள்வதைக் கேட்டால், முதலில் அந்தக் காப்பகத்தின் போர்வையை முகர்ந்து பார்க்க வேண்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் சென்னைக்கு ஒரு வசதி உண்டு. 2013 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. காப்பகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஓர் உணவகம் இருந்தால் சமையல்காரர் செலவே மிச்சம்.

ஏன் உள்ளே வர மறுக்கிறார்கள்?

கோயம்பேடு சந்தையில் மூட்டை இறக்குபவரை எடுத்துக்கொள்வோம். காய்கறி லாரிகள் இரவில் வருகின்றன. நள்ளிரவில் தொடங்கும் வேலை விடிந்த பின்தான் ஓயும். அவர் தூங்குவது பகலில். மாலை ஏழு மணிக்குத் திறந்து காலை எட்டு மணிக்குப் பூட்டும் ‘இரவுக் காப்பகம்’ அவருக்கு எதற்கு? 24 மணி நேரம் என்று நீதிமன்றம் அழுத்திச் சொன்னதன் பொருள் இதுதான். ஆனால் ஆள் பற்றாக்குறை வந்தால் முதலில் வெட்டுப்படுவது பகல் ஷிப்டு. அதே காப்பகத்தை ஆய்வு செய்ய ஓர் அலுவலர் மதியம் வந்தால் காலியாகத் தெரியும். ‘பயன்பாடு குறைவு’ என்று குறிப்பு எழுதப்படும். அடுத்த ஆண்டு நிதி குறையும்.

தூரமும் இப்படித்தான். காலை ஐந்து மணிக்கு மேஸ்திரி வந்து ஆளெடுக்கும் முனையில் நிற்காவிட்டால் அன்றைய கூலி போச்சு. ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சுத்தமான காப்பகத்தைவிட, அந்த முனையிலேயே இருக்கும் அழுக்கு நடைபாதை அவருக்கு லாபம். இதைச் சோம்பல் என்றோ பழக்கதோஷம் என்றோ சொல்வது அநியாயம். அவர் போட்ட கணக்கு சரியானது. வீடற்றோர் கூடும் இடத்துக்கும் வேலையிடத்துக்கும் முடிந்தவரை அருகில் காப்பகம் அமைய வேண்டும் என்று திட்ட விதியே சொல்கிறது.

குடும்பங்களின் சிக்கல் வேறு வகை. காப்பகங்கள் பெரும்பாலும் ஆண்களுக்கு, பெண்களுக்கு, சிறுவர்களுக்கு, சிறுமிகளுக்கு என்று பிரிந்திருக்கின்றன. தனியாளுக்கு இது பொருந்தும், பெண்ணுக்குப் பாதுகாப்பும்கூட. கணவன், மனைவி, பதின்மூன்று வயது மகன், எட்டு வயது மகள் என்று நால்வர் வந்தால் மூன்று கட்டடங்களுக்குப் பிரிந்து போக வேண்டும். எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டாள். வடசென்னையில் தலைமுறை தலைமுறையாக நடைபாதையிலேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் உண்டு. அவர்கள் கேட்பது காப்பகமே இல்லை, கதவுள்ள வீடு.

சின்னதாகத் தெரியும் ஒன்றையும் சொல்ல வேண்டும்: பூட்டு. தெருவில் இருப்பவரின் சொத்து முழுவதும் ஒரு பையில் இருக்கும். மாற்றுத்துணி, ஆதார் அட்டை, மருந்துச்சீட்டு, ஊரில் உள்ளவரின் எண் எழுதிய தாள், கொஞ்சம் பணம். பையை வைத்துப் பூட்ட லாக்கர் இல்லாத காப்பகத்தில் அவர் நிம்மதியாகக் குளிக்கக்கூட முடியாது. மீன்பாடி வண்டி வைத்திருப்பவருக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டும். வாடகை வண்டி தொலைந்தால் ஆயுளுக்கும் கடன். கட்டட வரைபடத்தில் இந்த இரண்டுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று பார்த்தாலே, வரைந்தவர் வீடற்றவரிடம் பேசியிருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இந்தத் தடைகளெல்லாம் நீங்கினால் காப்பகம் எப்படி நிரம்பும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. அரசு மருத்துவமனைகளை ஒட்டி, நோயாளிகளின் உடனிருப்போருக்காக நடத்தும் காப்பகங்கள். வெளிமாவட்டத்திலிருந்து வந்து, வார்டுக்குள் அனுமதி கிடைக்காமல் மரத்தடியில் படுத்தவர்களுக்கு, தேவைப்படும் இடத்திலேயே கூரை கிடைத்தது.

முகவரி இல்லாதவருக்கு முகவரி

நல்ல காப்பகம் ஒருவரைச் சேர்த்ததும் பெயர், ஊர், உடல்நிலை பதிவு செய்யும். குளிக்க வைத்து, மாற்றுத்துணி கொடுத்து, புண், காசநோய் போன்றவை இருக்கிறதா என்று பார்க்க அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போகும். பிறகு காகித வேலை தொடங்கும். முதியோர் உதவித்தொகை, வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை, மருத்துவக் காப்பீடு என எதற்கும் ஆதாரும் முகவரியும் கேட்பார்கள். அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் ஆதார் ஆணையத்தின் சான்றிதழ்ப் படிவத்தில் கையெழுத்திட்டுத் தருவதை முகவரிச் சான்றாக ஏற்கிறார்கள். பலருக்கும் அவர்கள் வாழ்க்கையில் கிடைத்த முதல் முகவரி அதுதான்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. அட்டை தொலைந்தவருக்குப் புதிதாக ஆதார் பதிய முயல்வார்கள். அவர் கைரேகையும் கருவிழியும் ஏற்கெனவே பதிவில் இருந்தால், ஒரு நபருக்கு இரண்டு எண் கிடையாது என்று விண்ணப்பம் நிராகரிக்கப்படும். மறுபடி பதிந்தாலும் அதே பதில்தான். செய்ய வேண்டியது பழைய எண்ணைத் தேடி எடுப்பது. மூட்டை தூக்கித் தூக்கி ரேகை தேய்ந்துபோன கைகளுக்கு, கருவிழிப் பதிவும் எடுக்கும் மையமாகப் பார்த்து அழைத்துப்போக வேண்டும்.

வாக்குரிமைக்குக் காப்பகம்கூடத் தேவையில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6இல், வீடற்றவர் தான் படுக்கும் இடத்தைக் குறிப்பிட்டால் போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அந்த இடத்துக்கு, ஒரு முறைக்கு மேல், நேரில் போய் அவர் அங்கேதான் உறங்குகிறார் என்று உறுதி செய்ய வேண்டும். செய்துவிட்டால் முகவரிக்குத் தனி ஆவணம் கேட்கக் கூடாது. தேர்தல் ஆணையத்தின் இந்த விதி பலருக்குத் தெரியாது, சில அலுவலர்களுக்கும் சேர்த்தே. விண்ணப்பத்தை வாங்க மறுத்தால் இதை எடுத்துச் சொல்லலாம்.

மனநலம் குன்றியவர் தெருவில் இருந்தால்

இவர்களைச் சாதாரணக் காப்பகத்தில் கொண்டுபோய் விடுவது இரு தரப்புக்கும் கேடு. காப்பாளருக்கு மருந்து கொடுக்கும் பயிற்சி இருக்காது. கூடத் தங்குபவர்கள் மிரளுவார்கள். இரண்டு நாளில் அவர் மீண்டும் தெருவில். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 100, இதற்கென்றே இருக்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாத நிலையில் அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் சேர்ப்பது காவல் நிலையத்தின் கடமை. லாக்கப்பிலோ சிறையிலோ எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக் கூடாது. வீடற்றவராக இருந்தால் ‘காணாமல் போனவர்’ என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். தமிழ்நாட்டில் 2018 முதல் சில மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இவர்களுக்கான அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களும் வந்தன.

சிகிச்சை முடிந்து ஊர் ஞாபகம் வந்து, தெலுங்கிலோ வங்காளியிலோ ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்லி, குடும்பம் கிடைத்து வீடு திரும்புபவர்கள் நிறைய. மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பது அங்கே மருந்துக்குச் சமம்.

காப்பகத்துக்கு அப்புறம்?

இந்த இடத்தில்தான் நம் ஏற்பாடு அறுந்துபோகிறது. மாதம் 4,000 ரூபாய் வாடகை தரக்கூடிய கூலித்தொழிலாளி ஒருவர் காப்பகத்தில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் ஐந்து மாத முன்பணம் கேட்டால் 20,000. வாடகை கட்டும் வருமானம் இருந்தும், அந்த முன்பணம் இல்லாததாலேயே அவர் ஆண்டுக்கணக்கில் காப்பகத்தில் இருப்பார், அல்லது தெருவில். முன்பணத்துக்கு ஒரு சுழல்நிதி (ஒருவர் திருப்பிக் கட்டுவதை அடுத்தவருக்குக் கொடுக்கும் நிதி) வைத்தால் படுக்கை காலியாகும், அடுத்தவர் உள்ளே வரலாம். புதுக் கட்டடம் கட்டுவதைவிட இது மலிவு.

நடைபாதைக் குடும்பங்களுக்கு, முன்பு குடிசை மாற்று வாரியம் என்றிருந்த, இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமான அமைப்பின் அடுக்குமாடிகள் உண்டு. கண்ணகி நகர், பெரும்பாக்கம் எல்லாம் பாரிமுனையிலிருந்து சுமார் 20 முதல் 30 கிலோமீட்டர். 2021 மே முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது நிச்சயமாகப் பெரிய உதவி. ஆனால் அதிகாலைப் பூச்சந்தைக்கு அந்நேரம் பேருந்து வேண்டுமே. வீட்டைப் பூட்டிவிட்டு வார நாட்களில் பழைய நடைபாதைக்கே வந்து படுப்பவர்களின் நிலைமை இதுதான்.

பின்லாந்து 2008இல் இந்த முடிச்சை வேறு விதமாக அவிழ்த்தது. முதலில் வீடு, அதுவும் சொந்தப் பெயரில் வாடகை ஒப்பந்தத்தோடு. குடியை விடுவதும் வேலை தேடுவதும் அதன் பிறகு. ஹெல்சிங்கியில் இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு நடத்திய, 250 பேர் படுத்த விடுதியைப் புதுப்பித்துப் பிரித்துச் சுமார் 80 தனி வீடுகளாக்கினார்கள். 1987இல் 18,000க்கு மேல் இருந்த வீடற்றோர் எண்ணிக்கை பிற்பாடு 4,000க்கும் கீழே வந்தது. அங்கே வாடகைக்கு அரசு உதவித்தொகை இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. அது இல்லாமல் அந்த முறையை மட்டும் எடுத்து வந்தால் நிற்காது.

தெருவில் ஒருவரைப் பார்த்தால்

தூங்குபவரை டார்ச் அடித்து எழுப்ப வேண்டாம். விழித்திருக்கும்போது உட்கார்ந்து, ‘ஐயா’ அல்லது ‘அம்மா’ என்று அழைத்து, சாப்பிட்டாரா, உடம்புக்கு ஏதாவதா, காப்பகத்துக்கு வர விருப்பமா என்று கேளுங்கள். விருப்பமில்லாதவரைக் கட்டாயப்படுத்தி ஏற்றினால் அடுத்த தடவை யாரிடமும் பேசமாட்டார்.

சென்னையில் மாநகராட்சியின் எண் 1913. உயிருக்கு ஆபத்தென்றால் முதலில் 108. தனியாக இருக்கும் குழந்தைக்கு 1098, பெண்ணுக்கு 181, முதியவருக்கு 14567. அழைக்கும்போது ‘பாலத்துக்குக் கீழே’ என்று மட்டும் சொன்னால் வண்டி சுற்றிச் சுற்றிப் போய்விடும். எந்தப் பாலம், எந்தப் பக்கம், எதிரே என்ன கடை, பேருந்து நிறுத்தத்தின் பெயர், ஆணா பெண்ணா, ஏறத்தாழ வயது, பேசும் மொழி, நடக்க முடிகிறதா என்பதைச் சொல்லுங்கள். அவர் இரவு எத்தனை மணிக்கு அங்கே வருவார் என்பதையும் சொல்லுங்கள். பகலில் போகும் குழு வெறும் அட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும்.

புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, எந்தக் காப்பகத்துக்கு அழைத்துப்போனார்கள் என்று மறுநாள் கேளுங்கள். ஒரு வாரம் கழித்து அவர் அதே இடத்தில் படுத்திருந்தால், ஏன் திரும்பி வந்தார் என்று அவரிடமே கேட்டு, அந்தக் காரணத்தை அதே எண்ணில் பதியுங்கள்: தூரமா, பூட்டா, நேரமா, போர்வையா என்று.